கரிசல் நாட்டு இளவேனிற் பூக்களும் வீட்டுத்தோட்ட ஆயத்தமும்

இளவேனில் என்பது தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் ஒன்று. சித்திரையும் வைகாசியும் இதற்குரிய மாதங்கள்; அதாவது ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை. தென் மாவட்டங்களில் மரங்கள் இந்தக் கணக்குக்குக் காத்திருப்பதில்லை. மாசியிலேயே முதல் பூக்கள் வந்துவிடுகின்றன. ஆகவே இக்கட்டுரையில் இளவேனிற் பூக்கள் என்பது பிப்ரவரி இறுதி முதல் மே இறுதி வரை பூப்பவற்றைக் குறிக்கும்.

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம்பார்த்த பூமி. இதன் சிற்றூர்களில் பங்குனி பிறக்கும்போது கண்மாய்கள் பெரும்பாலும் வற்றிவிடும். கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. திருச்சுழி வழியே செல்லும் குண்டாறும் மழைக்காலத்து ஆறுதான். பருத்தி, சோளம், பயறு வகைகள் எல்லாம் அறுவடையாகி வெறுங்காடாக இருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில்தான் ஊர்ப் பக்கத்து வேம்பு பூத்து நிற்கிறது, புங்கை தளிர்க்கிறது, கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. மழையே இல்லாத மாதத்தில் இவை எப்படிப் பூக்கின்றன என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், இப்பகுதியில் வீட்டுத்தோட்டம் எப்போது, எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மழை இல்லாத மாதத்தில் பூப்பது ஏன்?

இம்மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு அருகில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. அந்தத் தண்ணீர் கண்மாயில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. மண்ணுக்குள் ஆழத்தில் தங்குவது தெரிவதில்லை. கரிசல் மண்ணில் களித்துகள் மிகுதி. உறிஞ்சிய நீரை விடாமல் வைத்துக்கொள்ளும். மேல் ஓரடி காய்ந்து வெடித்தாலும், கீழே ஈரம் பல மாதங்களுக்கு இருக்கும். ஆணிவேர் ஆழமாக இறங்கிய மரத்துக்கு அந்த ஈரம் எட்டும். செடிக்கு எட்டாது.

மரம் இன்னொரு வேலையும் செய்கிறது. தை, மாசியில் பழைய இலைகளைக் கொட்டிவிடுகிறது. இலை வழியே நீர் ஆவியாவது நின்றுவிடுவதால், வேர் இழுக்கும் சிறிதளவு நீரும் தண்டிலும் கிளையிலும் சேர்கிறது. அந்த இருப்பிலிருந்துதான் புதுத் தளிரும் பூவும் வருகின்றன. பல மரங்களில் பகற்பொழுது நீள்வதும் மொட்டு விழிப்பதற்குத் தூண்டுகோலாகிறது. ஆகவே மழை பெய்யாவிட்டாலும் ஏறத்தாழ அதே வாரங்களில் பூக்கின்றன.

இதனால் மரத்துக்கு ஆதாயமும் உண்டு. இலை குறைந்த கிளையில் பூ எளிதில் தெரியும். வண்டும் தேனீயும் தேடி வரும். பங்குனியில் பூத்த வேம்பு ஆனி, ஆடியில் பழுத்து உதிர்க்கும். அடுத்த மழை வருமுன் விதை மண்ணில் கிடக்கும். சுருங்கச் சொன்னால், இப்பகுதியின் சித்திரைப் பூ போன ஐப்பசி மழையின் பூ.

பழைய இலக்கணமும் இந்தக் காட்சியை அறிந்திருந்ததாகவே தோன்றுகிறது. தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிலையும் பின்பனியையும் பெரும்பொழுதாக வைக்கிறது. பூக்கும் பருவமும் நீரற்ற நிலமும் ஒரே திணைக்குள் வருவது குளிர்நாட்டுக் கவிதை படித்தவர்களுக்கு விந்தையாக இருக்கலாம். அங்கே வசந்தம் என்றால் பனி உருகி நீர் பெருகும் காலம். இங்கே அது வறட்சியின் முதல் அத்தியாயம். வெளிநாட்டுத் தோட்டக்கலை நூல்களின் 'வசந்த கால வேலைகள்' பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு ஏப்ரலில் நாற்று வாங்கி நடுபவர்களுக்கு ஏற்படும் இழப்பு இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருவது.

ஊரைச் சுற்றிப் பூப்பவை

முதலில் சொல்ல வேண்டியது வேம்பு. பாண்டிய மன்னர்களின் அடையாளப் பூ இது. இந்த வட்டாரமோ பாண்டிய நாட்டின் நடுப்பகுதிக்கு அருகில் உள்ளது. மார்ச், ஏப்ரலில் சிறிய வெண்ணிறப் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். மணம் இரவிலும் அதிகாலையிலும் மிகுதி. சித்திரை முதல் நாள் மாங்காய், வெல்லத்தோடு சேர்த்துச் செய்யும் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டும். மரத்தடியைக் கூட்டிவிட்டு, பழைய வேட்டியை விரித்து வைத்தால் விடிவதற்குள் ஒரு படி பூ உதிர்ந்திருக்கும். காம்பையும் தூசியையும் நீக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைத்தால், ஆண்டு முழுதும் ரசத்துக்கு ஆகும். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் உள்ளிட்ட இப்பகுதியின் கோடைத் திருவிழாக்களில் வேப்பிலை இல்லாத சடங்கு அரிது. மரம் புதுத்தளிர் விட்டு நிற்கும் நேரத்தில் திருவிழாவும் வருகிறது.

புங்கையின் அழகு பூவைவிடத் தளிரில் அதிகம். சுற்றிலும் எல்லாம் பழுப்பாக இருக்கும்போது இதன் இலை மட்டும் கண்ணாடி போலப் பளபளக்கும். தொடர்ந்து வெள்ளையும் இளஞ்சிவப்புமான பூக்கள் வந்து, தரை முழுக்கப் பொரி கொட்டியதுபோல் உதிரும். தேனீக்களின் ரீங்காரத்தை மரத்தடியில் நின்றாலே கேட்கலாம். உதிர்ந்த பூவைக் கூட்டிக் குப்பையில் போடுவது வழக்கமாக இருக்கிறது. அது செடிக்கு நல்ல மூடாக்கு என்பதைப் பின்னர் காணலாம்.

கொன்றை ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும். சிவனுக்குரிய பூ, கேரளத்தில் விஷுக் கணிக்கு இன்றியமையாதது, அம்மாநிலத்தின் மலரும் இதுவே. தாய்லாந்தின் தேசிய மலரும் இதே மரத்தின் பூதான். பெரிய கருவண்டு கொன்றைப் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்க்கும். அப்போது வண்டின் ஒலி மாறுவதைக் கவனிக்கலாம். மழைக்காலத்தில் இதன் இலையைப் புழுக்கள் தின்றால் மருந்து அடிக்க வேண்டியதில்லை. வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் அவை. மரம் மீண்டும் துளிர்த்துக்கொள்ளும்.

கல்யாண முருங்கை மாசியிலேயே இலையில்லாத கிளையில் செம்பூக்களோடு நிற்கும். அதில் மைனா, காகம், அணில், தேன்சிட்டு என்று காலை முழுவதும் கூட்டம் இருக்கும். வாகை சித்திரையில் பூக்கும். மென்மையான நூற்குஞ்சம் போன்ற அதன் பூவுக்கு மாலையில் மணம் கூடும். காட்டு வரப்புகளில் வளரும் மஞ்சணத்தியை நுணா என்றும் சொல்வர். மல்லிகையை நினைவூட்டும் அதன் வெண்பூக்களைத் தென்மாவட்டத்துக்காரர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். வீட்டில் நட்டவர்கள் மிகக் குறைவு. காசு கொடுத்து வாங்கும் பல அலங்காரச் செடிகளைவிட இது இந்த மண்ணுக்குப் பொருத்தமானது.

ஆவாரையை இளவேனிற் செடி என்று மட்டும் சொல்ல முடியாது. ஆண்டின் பெரும்பகுதியும் பூக்கும். போகியன்று காப்புக் கட்டுவதற்கு வேப்பிலை, பூளைப்பூவோடு இதைத்தான் தேடுவார்கள். ஆனால் சித்திரையில் வேலியோரம் வேறெதுவும் இல்லாதபோதும் மஞ்சளாக நிற்பது இதுவே. பள்ளிக்கூட வளாகங்களில் சிவந்து நிற்கும் குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். பார்வைக்கு அழகு, காற்றுக்குக் கிளை முறியும், வேர் மேலாக ஓடும். சிறிய வீட்டு மனைக்கு அதைப் பரிந்துரைக்க இயலாது.

குண்டுமல்லி: பூக்களில் பெரிய செலவாளி

மேலே சொன்ன மரங்கள் தண்ணீர் கேட்காதவை. வீட்டுத்தோட்டம் என்றதும் இப்பகுதியில் முதலில் நினைக்கப்படுவது வேறு: குண்டுமல்லி. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் எல்லைக்குள் விருதுநகர் மாவட்டமும் வருகிறது. அருப்புக்கோட்டையைச் சுற்றிய செம்மண் கொல்லைகளில் மல்லி ஒரு வணிகப் பயிர். விடியுமுன் எழுந்து மொட்டுப் பறிப்பதும், தொடுப்பதும் பல குடும்பங்களில் பெண்களின் நேரடி வருமானம்.

அந்த வருமானத்தின் கணக்கு பருவத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மார்கழி, தையில் குளிரால் பூப்பு சுருங்கும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும். பங்குனி, சித்திரையில் செடி முழுக்க மொட்டாக இருக்கும்போது விலை சில நூறுகளுக்கு இறங்கிவிடும். விற்கும் குடும்பத்துக்கு இளவேனில் அவ்வளவு மகிழ்ச்சியான காலம் என்று சொல்ல முடியாது. வீட்டுத் தேவைக்கு நாலைந்து செடி வைத்திருப்பவருக்கோ இதுதான் அறுவடைக்காலம்.

மல்லி வேரின் பெரும்பகுதி மேல் மண்ணிலேயே பரவும். ஆழத்து ஈரம் அதற்கு எட்டாது. ஆகவே வேம்பைப் போலப் போன மழையைக் கொண்டு பூக்க அதனால் முடியாது. இளவேனிலில் ஒரு பூ வேண்டுமென்றால் யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஐந்து செடிக்கு, செடிக்கு 6 லிட்டர் வீதம் மூன்று நாளைக்கு ஒருமுறை என்றாலும் 30 லிட்டர். அதாவது இரண்டு குடம். குழாயில் நல்ல தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும் ஊரில் இந்த இரண்டு குடம் வீட்டுக்குள் ஒரு விவாதமாகவே ஆகும். சமையலறைத் தண்ணீரை மல்லிக்குத் திருப்பிவிட்ட வீடுகளில் இந்த விவாதம் எழுவதில்லை.

நடுவதற்கு ஒரு கன அடி அளவு குழி போதும். செடிக்குச் செடி நாலடி இடைவெளி வேண்டும். குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழுவுரம் இட்டு, ஜூன் முதல் நவம்பருக்குள் நடலாம். வேர்விட்ட பதியன்களுக்கு இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் பெயர்பெற்றது. தென் மாவட்டத்து மல்லிக் கொல்லைகள் பலவற்றின் தாய்ச்செடி அங்கிருந்து வந்ததுதான்.

மல்லியில் தவறக்கூடாத வேலை கவாத்து. நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். காய்ந்த, நோயுற்ற, உள்நோக்கி வளர்ந்த குச்சிகளை நீக்க வேண்டும். நன்றாக இருக்கும் செடியை வெட்ட மனம் வராதுதான். ஆனால் குண்டுமல்லி பழைய குச்சியில் பூப்பதில்லை. புதிதாக வரும் கிளையின் நுனியில்தான் மொட்டு வரும். நவம்பரில் வெட்டினால் தையில் துளிர்த்து, மாசியில் கிளைத்து, பங்குனியில் மொட்டு வைக்கும். மாசியில் நினைவு வந்து வெட்டினால் பூப்பும் அத்தனை வாரம் தள்ளிப்போகும். அதற்குள் வெயில் உச்சத்துக்கு வந்துவிடும். வெட்டியபின் செடியைச் சுற்றிக் கொத்தி எருவிட்டு, மழை ஈரம் இருக்கும்போதே மண் அணைத்துவிட்டால் அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டிலிருந்து நன்றாகப் பூக்கும் செடி, பராமரித்தால் 12 முதல் 15 ஆண்டு வரை பலன் தரும்.

மண்ணும் தண்ணீரும்

இந்த வட்டாரத்தில் ஓர் ஊருக்குள்ளேயே கரிசலும் செவலும் மாறி மாறி வரும். மனையில் எது இருக்கிறது என்று பார்க்காமல் செடி வாங்கக் கூடாது. ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பார்த்தால் தெரியும். கரிசல் பிசைந்த மாவுபோல உருளும், செவல் உதிரும்.

செவலில் தண்ணீர் நிற்காது. அதற்குக் கண்மாய் வண்டல் மருந்து. இங்கே கரம்பை என்பார்கள். கோடையில் வற்றிய கண்மாயிலிருந்து உரிய அனுமதியோடு வண்டி வைத்துக் கரம்பை அடிப்பது இப்பகுதி விவசாயிகளின் பழைய வழக்கம். வீட்டுத்தோட்டத்துக்குச் சில கூடை போதும். கரிசலின் சிக்கல் எதிரானது. மழையில் நீர் தேங்கி மல்லி வேரை அழுக வைக்கும். கோடையில் வெடித்து வேரை அறுக்கும். ஆகவே கரிசல் மனையில் மல்லி, செம்பருத்தி, கனகாம்பரம் போன்றவற்றைத் தரையில் நடாமல், முக்கால் அடி உயரம் மேட்டுப்பாத்தி எடுத்து, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து நட வேண்டும். வெடிப்பு விழும் இடத்தில் மேல்மண்ணைக் களைக்கொத்தால் லேசாகக் கொத்திப் பொடியாக்கினால் வெடிப்பு மூடிக்கொள்ளும். அடியிலிருந்து ஈரம் மேலேறி ஆவியாவதும் குறையும். மானாவாரி விவசாயி காட்டில் செய்வதை வீட்டில் ஒரு பாத்திக்குச் செய்கிறோம், அவ்வளவே.

கரிசலில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் மல்லியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் வெளிறி மஞ்சளாகும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை இது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினால் நிலைமை மோசமாகும். அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளித்தால், அடுத்து வரும் தளிர் பச்சையாக வரும். மண் பற்றிய ஐயங்களுக்கு அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

தண்ணீரில் இரண்டு கவனம் வேண்டும். முதலாவது, உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கரிக்கும். அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேல்மண்ணில் வெள்ளையாகப் படியும். கொஞ்சமாக அடிக்கடி ஊற்றுவதைவிட, நிறைய ஊற்றிச் சில நாள் விடுவது உப்பைக் கீழே தள்ளும். வேரையும் கீழே இழுக்கும். இரண்டாவது, மறுபயன். அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் எந்தச் செடிக்கும் ஆகும். பாத்திரம் துலக்கிய நீரை வாழை, கல்வாழை, சேம்பு உள்ள குழிக்கு விடலாம். சலவைத்தூள் நீரைத் தொடர்ந்து ஒரே இடத்தில் விட்டால் சோடியம் சேர்ந்து கரிசல் மண் கல்போல இறுகும். துணி அலசிய கடைசி நீரை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

கூரைநீரின் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். தமிழ்நாடு அரசு 2003இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அந்தக் குழாயின் மிகைநீர் தெருவுக்குப் போகாமல் கொன்றை, வேம்புக் கன்றுகளின் குழிக்குப் போகும்படி ஒரு வாய்க்கால் கீறிவிடுவது அரைநாள் வேலை. ஐப்பசியில் அந்தக் குழியில் இறங்கும் தண்ணீர்தான் சித்திரையில் தளிராக மேலே வரும்.

ஆயத்தம் தொடங்கும் மாதம்

இதுவரை சொன்னதிலிருந்தே தெரியும்: இளவேனில் தோட்டத்தின் ஆயத்தம் இளவேனிலில் தொடங்குவதில்லை. வைகாசி, ஆனியில் குழி எடுத்து வெயிலில் ஆறவிடலாம். முருங்கைக்கு ஒன்றரை அடி, கொன்றை, வேம்பு, புங்கைக்கு இரண்டடிக் குழி போதுமானது. வேம்பும் புங்கையும் சுவரிலிருந்து 5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். ஆடிக் காற்று இங்கே கடுமையானது. அதில் இளங்கன்றை நட்டால் காய்ந்துவிடும். புரட்டாசியில் முதல் மழை நன்றாக நனைத்தபின் நட்டால், தை வரை நாலு மாதம் வேர் கீழிறங்க நேரம் கிடைக்கும். சித்திரையில் நட்ட கன்றுக்கு நாலு நாள்கூடக் கிடைப்பதில்லை. நாற்றுப்பண்ணைகளில் பூவோடு கண்ணைப் பறிக்கும் தொட்டிச் செடிகள் குவிவதும் அதே கோடையில்தான். வாங்க வேண்டுமென்றால் பூவைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, மழைக்குப் பின் கன்றாக வாங்குவது சிக்கனம்.

விதையில் தொடங்க விரும்புபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். வேப்பங்கொட்டை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். பழம் உதிர்ந்த உடனே சதையை நீக்கி விதைக்க வேண்டும். கொன்றை விதைக்கு நேர் எதிர்ப் பழக்கம். கெட்டியான தோல், ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதன் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து ஓரிரவு நீரில் ஊறவைத்தால்தான் முளைக்கும்.

மார்கழியில் மழை விலகியதும் மூடாக்கு போட வேண்டும். ஈரம் இருக்கும்போதே மூட வேண்டும். காய்ந்தபின் மூடுவதில் பயன் குறைவு. காய்ந்த இலை, நிலக்கடலைத் தோல், நறுக்கிய சோளத்தட்டை, புங்கம் சருகு, பின்னர் புங்கம்பூ என எது கிடைத்தாலும் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பலாம். தண்டை ஒட்டிப் போடக் கூடாது. வறண்ட ஊர்களில் மூடாக்கின் எதிரி கறையான். காய்ந்த குச்சிகளைக் குவித்தால் கட்டாயம் வரும். அடியில் இரண்டு பிடி வேப்பம் புண்ணாக்கைத் தூவி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும்.

முருங்கை தனியாகக் குறிப்பிடத்தக்கது. மாசி, பங்குனியில் வீட்டுக்கு அருகிலேயே பூக்கும் மரம். அதன் பூவே பொரியலாகும். பூக்கும் நேரத்தில் ஆசைப்பட்டு நிறையத் தண்ணீர் விட்டால் பூ உதிரும். காகிதப்பூவும் இப்படித்தான். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இக்கொடியில் நாம் பூவென்று பார்ப்பது வண்ண இலைச் செதில். உண்மையான பூ அதற்குள் இருக்கும் சிறு வெள்ளைக் குழல். தண்ணீர் குறைந்தால் வண்ணம் கூடும், கூடினால் வெறும் இலையாகத் தழைக்கும். வெளிநாட்டுச் செடியானாலும் இந்த ஊரின் போக்குக்கு ஒத்துப்போனது.

கோடையில் காப்பதும் கவனிப்பதும்

பங்குனி முதல் வைகாசி வரை வெப்பநிலை 40 டிகிரி செல்சியசை நெருங்கும் நாள்கள் உண்டு. அப்போது புதிதாக எதையும் நடாமல், உள்ளதைக் காப்பதே வேலை. மாலை வெயில் தாழ்ந்தபின் நீர் ஊற்ற வேண்டும். சூளையில் சுட்ட சாதாரண மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், சுவர் வழியே கசிந்து சுற்றியுள்ள நாலு செடியின் வேருக்குப் போகும்; ஐந்தாறு நாள் வெளியூர் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. மாடித்தோட்டத்தில் தொட்டிகளைச் சிமெண்ட் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி, நெருக்கமாக வைத்தால் ஒன்றுக்கொன்று நிழலாகும்.

மல்லியில் இக்காலத்தில் இரண்டு தொல்லைகள் வரும். மொட்டு ஊதா நிறமாகித் துளை விழுந்து, ஒன்றோடொன்று நூலால் பின்னப்பட்டிருந்தால் அது மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளி அழிக்க வேண்டும். செடியிலேயே விட்டால் பரவும். இலையின் அடிப்பக்கம் மங்கி, மெல்லிய வலை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். இலையடியில் படும்படி நீரைப் பீய்ச்சினாலே பாதி குறையும். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை ஒரு துளி சோப்புக் கரைசலோடு கலந்து தெளிக்கலாம்.

மொட்டுப் பறிக்கும் நேரம் விடிகாலை. அன்று மாலை விரியப்போகும் மொட்டு வெள்ளையாகப் பருத்திருக்கும். மறுநாளைய மொட்டில் பச்சை சாயல் இருக்கும். விடியுமுன் பறித்து ஈரத்துணியில் வைத்தால் மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு விரியும்.

பள்ளி மாணவர்கள் இக்காலத்தில் செய்யத்தக்க ஓர் எளிய வேலை உண்டு. தெருவில் ஒரு வேம்பையோ கொன்றையையோ தேர்ந்துகொண்டு, வாரம் ஒரே நாளில் பார்த்து, இலை உதிர்ந்ததா, தளிரா, மொட்டா, பூவா, காயா என்று தேதியோடு எழுதி வைக்கலாம். சீசன்வாட்ச் என்ற இந்திய அளவிலான மக்கள் அறிவியல் திட்டம் இதே முறையில் பள்ளிகள் வழியாக மரங்களின் பருவத்தைப் பதிவு செய்கிறது. கொன்றை முன்பெல்லாம் சித்திரையில்தான் பூத்தது, இப்போது முந்திவிடுகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கலாம். சொந்த ஊர் மரத்தில் அது உண்மையா என்பதைக் காட்டப் பல ஆண்டுக் குறிப்பேடு வேண்டும். மழையளவையும் பக்கத்திலேயே எழுதினால், ஐப்பசி மழை தவறிய ஆண்டின் சித்திரையில் எந்த மரம் பூவைக் குறைத்தது, எது கவலைப்படாமல் பூத்தது என்பதும் பிடிபடும். அப்படிக் கவலைப்படாத மரத்தின் விதையைத்தான் அடுத்த ஆனியில் சேகரித்து வைக்க வேண்டும்.